நினைவு தளர்ந்தோர்க்கு ஒரு வகுப்பு

புதுச்சேரியின் வடவெல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் கோட்டக்குப்பத்துக்கு வைத்திய வசதியில் ஒரு பாக்கியம் உண்டு. 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டில், சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது; மேற்கே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் நடைபெற்று வருகிறது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரும், பக்கவாதம் கண்டு திடீரெனச் சாய்ந்தவரும், மூளைக்காய்ச்சலால் பிரக்ஞை இழந்தவரும் நம் பாட்டனார் காலத்தில் பெரும்பாலும் திரும்பி வந்ததில்லை. இன்று பலர் திரும்பி வருகிறார்கள். 2021 டிசம்பர் 18 அன்று, திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்னும் அரசுத் திட்டம், விபத்துக்குள்ளானவர் எந்த ஊராராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெற வழி செய்தது. மெச்சத்தக்க ஏற்பாடு. அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு அவர் வாழவேண்டிய நெடுங்காலத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

உயிர் பிழைத்தவர் வீடு திரும்புகிறார். தையல் பிரித்தாயிற்று, தழும்பின்மேல் மயிரும் வளர்ந்துவிட்டது, நடக்கிறார், பேசுகிறார், பழைய சிநேகிதர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார், இருபது வருஷத்துக்கு முன் நடந்த கலியாணத்தில் எவர் எவர் பந்தியில் அமர்ந்தார்கள் என்றுகூடச் சொல்கிறார், ஆதலால் குணமாகிவிட்டார் என்றே ஊரும் உறவும் தீர்மானித்துவிடுகின்றன. சில வாரங்கள் சென்ற பின்னரே வீட்டாருக்கு ஐயம் எழுகிறது. காலையில் விழுங்கிய வலிப்பு மாத்திரையை மறந்து மறுபடியும் எடுத்து விழுங்குகிறார், சாமான் வாங்கப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடைவீதியில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார், துபாயிலிருந்து மகன் பேசி முடித்த அரைமணி நேரத்துக்குள், “தம்பி இன்னும் போன் பண்ணலையா?” என்று கேட்கிறார். “இப்பத்தானே அத்தா பேசினீங்க?” என்று மகள் முதல் நாள் பொறுமையோடு சொல்கிறாள். மாதங்கள் செல்லச் செல்ல அவள் குரல் உயர்கிறது. பழைய கதையெல்லாம் ஒப்பிக்கிறவருக்கு இன்று காலை நடந்தது மட்டும் எப்படி மறக்கும், வேண்டுமென்றேதான் இப்படிச் செய்கிறார் என்னும் எண்ணம் வீட்டில் தலைகாட்டுகிறது. இந்தக் குற்றச்சாட்டைப் போல நோயாளியைப் புண்படுத்துவது வேறொன்றில்லை. அது முற்றிலும் பிழையானது என்பதை உடலியல் தெளிவாகக் காட்டியிருப்பதால், அதை எடுத்துச் சொல்லவேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

பழையது நிலைத்திருக்கப் புதியது பதியாமற் போகும் இந்த விசித்திரத்தை விஞ்ஞானம் நன்கு அறிந்துகொண்டது, ஹென்றி மொலாய்சன் என்ற அமெரிக்கர் ஒருவரின் துரதிர்ஷ்டத்தால். கடும் காக்காய் வலிப்பால் அவதியுற்ற அவருக்கு 1953-ஆம் ஆண்டில், அவரது இருபத்தேழாம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை வைத்தியர், மூளையின் இருபுறத்துப் பக்க மடல்களின் உட்புறத்தில் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினார். வலிப்பு தணிந்தது, ஆனால் அன்று முதல் 2008-இல் அவர் இறக்கும்வரை, புதிதாக நிகழ்ந்த எதையும் சில நிமிஷங்களுக்கு மேல் அவரால் மனத்தில் இருத்த இயலவில்லை. புத்தியும் பேச்சும் குணமும் குன்றாதிருந்தன. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவின் இரட்டைக்கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டும்படி அவரைப் பணித்தபோது, எவரும் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒவ்வொரு நாளும், இப்படியொரு வேலையைத் தாம் முன்பு செய்ததே இல்லை என்றே மொலாய்சன் நினைத்தார். அவருடைய கையோ நாளுக்கு நாள் தவறு குறைந்து தேறிக்கொண்டே வந்தது. அதாவது நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் சக்தி ஒன்று, அப்பியாசத்தால் படியும் சக்தி வேறொன்று. முன்னது அழிந்த இடத்திலும் பின்னது பிழைத்திருக்கக்கூடும். நினைவிழந்தோர்க்கு உதவ முற்படும் முறைகளில் பல, இந்த ஒரு கண்டுபிடிப்பை ஆதாரமாகக் கொண்டவையே.

எல்லா மறதியும் இதுபோல ஒரே இடத்தில் நேர்ந்த சேதத்தால் வருவதன்று. மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து தலை சுழன்று அடிபடும்போது, மூளையின் நீண்ட நரம்பிழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுகின்றன, முன்மடலும் நசுங்குவதுண்டு. அத்தகையவருக்குப் பெரும்பாலும் கவனமே முதலில் குலைகிறது. கவனத்தில் படாதது நினைவில் எங்ஙனம் ஏறும்? பக்கவாதத்தில், அடைபட்ட இரத்தக்குழாய் எப்பகுதிக்கு உணவளித்ததோ அதைப் பொறுத்து மறதியின் சாயல் மாறும். மூளையின் நடுவேயுள்ள தலாமஸ் என்னும் சிறு பகுதியில் ஏற்படும் சிறு அடைப்புகூடப் பெரிய மறதியை உண்டாக்கிவிடும். இடைவிடாத குடியாலும் அரைவயிற்று உணவாலும் தயமின் என்னும் பி-1 வைட்டமின் அற்றுப் போவோருக்கு, ருஷ்ய வைத்தியர் கோர்சகாவ் விவரித்த நினைவிழப்பு நேர்கிறது. 1955-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக வேலூரில் நோயாளிகளிடம் அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல், நம் தென்னார்க்காட்டு நெல்வயற்புறங்களுக்கும் புதியதன்று. அதற்குத் தப்பிய பிள்ளைகளிற் சிலர் வளர்ந்த பின்னும் அதன் வடுவைச் சுமக்கிறார்கள்.

இவர்களுக்கு என்ன செய்வது? வல்லாரை லேகியத்தைத் தேடி ஓடுவது நம்மவர் வழக்கம். வல்லாரை நல்ல கீரை. ஆயினும் சேதமுற்ற மூளையின் நினைவை அது மீட்டுத்தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கைப்பேசியில் விளையாடும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளின் கதியும் ஏறத்தாழ அதுவே: விளையாடுகிறவர் அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறுகிறார், ஆனால் அடுப்பை அணைக்க மறப்பது நிற்பதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் தலையில் குண்டடிபட்ட வீரர்களிடையே பணிபுரிந்த ருஷ்யப் பேரறிஞர் அலெக்ஸாண்டர் லூரியாவும், எடின்பரோவில் அதே பணியைச் செய்த ஆங்கிலேய உளவியலாளர் ஆலிவர் ஸாங்வில்லும் இவ்விஷயத்தை ஆழ்ந்து சிந்தித்தவர்கள். இழந்த திறனை நேரே பயிற்றுவித்து மீட்க முயல்வது ஒரு வழி, எஞ்சிய வேறு திறனை அதன் இடத்தில் அமர்த்துவது இரண்டாவது வழி, குறையை அப்படியே ஒப்புக்கொண்டு அதை ஈடுசெய்யும் உபாயங்களைக் கைக்கொள்வது மூன்றாவது வழி என்று 1947-இல் ஸாங்வில் வகுத்துக் காட்டினார். நினைவைப் பொறுத்தமட்டில், கால் தளர்ந்தவனுக்குக் கோல் உதவுவது போல, மூன்றாவது வழியே பெரிதும் கைகொடுக்கிறது என்பது அதற்குப் பிந்திய அநுபவம்.

இவ்வுபாயங்களைத் தனித்தனியே கற்பிப்பதைவிட நாலைந்து பேரைக் கூட்டிவைத்துக் கற்பிப்பது நலம் என்ற கருத்து, 1970-களிலும் 80-களிலும் உருப்பெற்றது. 1973-ஆம் ஆண்டு யுத்தத்தில் மூளைக்காயமுற்ற இஸ்ரேலிய வீரர்களுக்கென யெஹூதா பென்-யிஷாய் 1974-இல் தொடங்கிய பகல்நேர நிலையம், நோயாளிகளைக் குழுவாகக் கூட்டிக் குழுவாகவே தேற்றியது. இங்கிலாந்தில் பார்பரா வில்சன் என்ற உளவியலறிஞர் நினைவுக் குழுக்களை ஒழுங்குற நடத்தி, அவற்றின் முறைகளை எழுதியும் வைத்தார். 1996-இல் ஈலி என்ற ஊரில் அவர் நிறுவிய நிலையத்துக்கு ஸாங்வில்லின் பெயரையே சூட்டினார்.

அத்தகைய குழு ஒன்று எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நாலு முதல் ஆறு பேர் வரை, வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், பத்து வாரங்கள். பயிற்சி பெற்ற உளவியல் உதவியாளர் ஒருவர் நடத்துகிறார். முதல் நாளில் ஒவ்வொருவரும் தமக்கு எது மறக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறார்கள். அடுத்து வரும் நாட்களில் கவனத்தைக் கூட்டும் வழிகள், பெயரை முகத்தோடு பிணைக்கும் வழிகள், குறிப்பேடும் மாத்திரைப் பெட்டியும் அலாரமும் பயன்படுத்தும் வழிகள் என்று பாடம் விரிகிறது. ஒவ்வொரு வாரமும் சென்ற வாரத்துப் பாடத்தை மீண்டும் சொல்லியே தொடங்குவார்கள். மறதிக்காரர் கூடிய வகுப்பில் அது இன்றியமையாதது அன்றோ?

அங்கே கையாளும் முறைகளுள் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நாம் பள்ளிக்கூடத்தில் கற்பித்துப் பழகிய முறைக்கு நேர் விரோதமானது. ‘யோசித்துச் சொல்லு, தப்பானாலும் பரவாயில்லை’ என்பது நம் வாத்தியார்களின் வாய்ப்பாடு. நல்ல மூளை உடையவனுக்கு அது நன்மையே, அவன் தன் தப்பை நினைவில் வைத்துத் திருத்திக்கொள்வான். நினைவிழந்தவரோ தாம் தப்பு செய்ததையே மறந்துவிடுகிறார். ஆனால் வாய்விட்டுச் சொன்ன அந்தத் தப்பு, மொலாய்சனின் கையில் பென்சில் பழகியது போல, அவரறியாமலே படிந்துவிடுகிறது. மறுமுறை கேட்டால் தப்பே முந்திக்கொண்டு வருகிறது. 1994-இல் ஆலன் பாட்லியும் பார்பரா வில்சனும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லின் முதல் எழுத்துகளைத் தந்து ஊகிக்கச் சொல்லி, பிழையான விடைகள் வந்த பின் சரியானதை அறிவித்தபோது, நினைவிழந்தோர் குறைவாகவே கற்றார்கள். ‘நான் நினைக்கும் சொல் இது, எழுதிக்கொள்ளுங்கள்’ என்று ஊகத்துக்கே இடமின்றிச் சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் தெளிவாக மேம்பட்டார்கள். ஆதலால், “இந்தப் பிள்ளை யாரு, சொல்லுங்க பார்ப்போம்!” என்று பாட்டனாரைச் சோதித்து விளையாடும் வீட்டார், அறியாமல் அவருக்குத் தீங்கே செய்கிறார்கள். “அத்தா, இவன் உங்க சின்ன மகளோட பையன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அதை அவர் வாயாலும் ஒருமுறை சொல்ல வைத்து, ஒரு நிமிஷம் கழித்து மீண்டும், பிறகு மூன்று நிமிஷம், பிறகு பத்து நிமிஷம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது சரியான முறை. இவ்வாறு இடைவெளி வளர்த்துக் கற்றலின் பயனை 1978-இல் லாண்டவரும் பியார்க்கும் ஆராய்ந்து காட்டினார்கள். மறதிநோய் கண்ட முதியோர்க்கும் அது உதவுகிறது.

மனத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் நினைவு உபாயங்கள் வேறு. வெளியே சுவரிலும் பையிலும் வைத்துக்கொள்ளும் உபாயங்கள் வேறு. முன்னதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களை ஒரே வேளையில் மனத்தில் தாங்கிச் சதாவதானி என்று போற்றப்பெற்றார். ஆயினும் அத்தகைய சாதனைக்குக் குறைவற்ற மூளையும் வாழ்நாள் சாதகமும் வேண்டும். கடுமையாக நினைவிழந்தவருக்கு, மனத்துக்குள் சங்கிலி கோக்கும் வித்தையைக் கற்பித்தால், அந்த வித்தையைப் பயன்படுத்தவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோகிறது. அவருக்கு உற்ற துணை வெளி உபாயமே: என்றும் ஒரே ஆணியில் தொங்கும் தேதி கிழிக்கும் நாட்காட்டி, ஏழு நாட்களுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டி, சட்டைப்பையில் அடங்கும் குறிப்பேடு.

இங்கே கோட்டக்குப்பத்துக்கு உரிய ஒரு சௌகரியத்தையும் கூறவேண்டும். இனிச் செய்யவேண்டியதை மறவாதிருக்கும் நினைவில் இருவகை உண்டு என்று 1990-இல் கில் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் பிரித்தார்கள்: ‘நான்கு மணிக்கு மாத்திரை’ என்பது காலத்தைப் பற்றியது, ‘சாப்பாடு முடிந்ததும் மாத்திரை’ என்பது நிகழ்ச்சியைப் பற்றியது. காலத்தை நம்பினால் நோயாளி தாமே இடையிடையே கடிகாரத்தைப் பார்க்க நினைக்கவேண்டும், அந்த நினைப்புத்தான் அவரிடம் இல்லை; நிகழ்ச்சியை நம்பினாலோ அதுவே வந்து அவரைத் தட்டி எழுப்புகிறது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் இவ்வூரில் நாளைக்கு ஐந்து வேளை பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலிக்கிறது. லுஹர் பாங்கு கேட்டதும் சாப்பாடு, கையோடு மதிய மாத்திரை. மஃரிப் பாங்கு கேட்டதும் குறிப்பேட்டைத் திறந்து நாளைய வேலையைப் பார்த்தல் என்று, இளமை முதல் செவியில் ஊறிய ஓசையோடு புதிய காரியத்தை முடிந்துவிட்டால், விலைகொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது. மற்ற ஊராருக்குக் கோயில் மணியும், பள்ளிக்கூடத்து மணியும், வீட்டில் தவறாது பார்க்கும் தொலைக்காட்சித் தொடரும் அவ்வாறே உதவும். எழுத்தறியாதவருக்குக் குறிப்பேட்டில் படம் வரைந்து தரலாம். மாத்திரைப் பெட்டியில் காலைக்கு ஒரு நிறமும் இரவுக்கு ஒரு நிறமும் பூசலாம்.

இவற்றையெல்லாம் தனி ஒருவருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தால் ஆகாதோ என்று கேட்கலாம்; ஆகும். ஆயினும் குழுவில் நிகழும் வேறொன்று வீட்டில் நிகழ்வதில்லை. வீட்டில் மறப்பவர் அவர் ஒருவரே. ஏனையோர் அனைவரும் திருத்துகிறவர்கள். குழுவிலோ எல்லோரும் மறப்பவர்கள். மேஸ்திரி ஒருவர், பாத்திரக்கடைக்காரர் ஒருவர், ஆசிரியை ஒருவர் என்று பலதரப்பட்டோர் ஒன்றாக அமர்ந்து, தமக்கு நேர்ந்த அவமானங்களைச் சொல்லத் தொடங்கும்போது, ‘எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ’ என்று இரவெல்லாம் தனியே அஞ்சிக்கிடந்தவரின் நெஞ்சு இலேசாகிறது. குறிப்பேடு வைத்துக்கொள்வது மதிகெட்டவன் செய்கை என்று வைத்தியரிடம் வாதாடியவர், அடுத்த நாற்காலியில் இருப்பவர் தம் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் காட்டியதும் தாமும் ஒன்று வாங்க முன்வருகிறார். பிறருக்கு யோசனை சொல்லும் தகுதி இன்னும் தமக்கு இருக்கிறது என்பதை அவர் அங்கேதான் கண்டுகொள்கிறார்.

இதன் பலனை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் கண்டதை உள்ளபடி சொல்லிவிடுவதே முறை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரோஷன் தாஸ் நாயரும் நதீனா லிங்கனும் தலைக்காயம், பக்கவாதம், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்னும் நரம்புநோய் ஆகியவற்றால் நினைவு தளர்ந்த 72 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. நினைவுக் குழுவில் பயின்றவர்கள் மனத்துக்குள் வைக்கும் உபாயங்களை மிகுதியாகக் கையாண்டார்கள். அன்றாட மறதி மட்டும் கருதத்தக்க அளவு குறையவில்லை. பக்கவாதம் கண்டோர்க்கு நினைவுப் பயிற்சி அளித்த 13 ஆய்வுகளை, 514 பேரை உள்ளடக்கியவற்றை, 2016-இல் ஒருங்கே மதிப்பிட்டபோது, பயிற்சி முடிந்த உடனே தம் நினைவு சற்றுத் தேறியதாக அவர்கள் உணர்ந்தார்கள் என்பதும், அந்த நன்மை நெடுநாள் நீடித்ததற்குச் சான்றில்லை என்பதும் தெரியவந்தன. தலைக்காயமுற்ற 328 பேரைக் கொண்டு குழு முறையைச் சோதித்து 2019-இல் வெளியான பெரிய ஆய்விலும் அன்றாட மறதி குறிப்பிடும்படி குறையவில்லை; ஆனால் தாங்களே தங்களுக்கென வகுத்துக்கொண்ட இலக்குகளை எட்டுவதில் குழுவினர் சிறிது முன்னேறியிருந்தனர். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் கண்ட 449 பேரை ஆராய்ந்தபோது அன்றாட மறதியிலும் மனநிலையிலும் சிறு நன்மைகள் தென்பட்டன.

இவ்வெண்களைக் கண்டு, இவ்வளவுதானா என்று கைவிடுவோரின் கருத்து எனக்கு உடன்பாடன்று. இம்முறை நினைவைத் திருப்பித் தருவதாக ஒருபோதும் வாக்களித்ததில்லை. வங்கிக்குத் தனியே போய்வருவது, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது என்று ஒருவர் தம் வாயால் விரும்பிச் சொன்ன காரியம் கைகூடுமானால், அது அவருடைய வாழ்வில் சிறிய விஷயம் அன்று. அன்றியும், செலவு மிகச் சொற்பம்: ஓர் அறை, சில நாற்காலிகள், பயிற்சி பெற்ற ஒருவர். எனினும் பத்து வாரத்தோடு கைகழுவிவிடக் கூடாது என்பதையும் அவ்வாய்வுகள் கற்பிக்கின்றன. வகுப்பு முடிந்த பின்னும் மாதம் ஒருமுறையேனும் கூடவேண்டும். வீட்டாரில் ஒருவரும் உடன் கற்கவேண்டும். கூட்டுக் குடும்பம் முற்றிலும் மறையாத நம் ஊர்களில் இந்த இரண்டாவது நிபந்தனை கடினமானதன்று.

நம் நாட்டில் இதற்கு அஸ்திவாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார்; அக்கல்லூரியில் மருத்துவராயிருந்து, விபத்தில் இரு கால்களும் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே பணிபுரிந்த மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ், நம் மக்களின் நினைவையும் கவனத்தையும் அளப்பதற்கான சோதனைத் தொகுதியை 2004-இல் வெளியிட்டது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னாளில் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய அறிதிறன் சோதனைத் தொகுதி முதலில் வெளிவந்த ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாட்பட்ட நரம்பு நோய்களும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸும் பார்க்கின்சன் நோயும் அவற்றுள் அடங்கும். தலைக்காயத்தால் நேரும் நினைவிழப்புக்கோ அப்பட்டியலில் தனியிடம் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்தக்கொதிப்பு மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. முடங்கிய கையை நீட்டி மடக்க ஒருவர் வீடு தேடி வரும்போது, குலைந்த நினைவுக்குத் துணைசெய்ய ஒருவர் வாரம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு பேரைக் கூட்டி அமர்த்துவது அரசுக்கு இயலாத காரியமன்று. கோட்டக்குப்பம் நகராட்சி, பள்ளிவாசல் ஜமாஅத், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகள் ஆகியவை கைகோத்தால் இங்கேயே முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம். அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ தலைக்காயத்திலிருந்தோ பக்கவாதத்திலிருந்தோ மீண்டவர் ஒருவர் இருந்தால், அவர் எதை மறக்கிறார், எந்த வேளையில் மறக்கிறார் என்பதை ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மறுமுறை வைத்தியரைக் காணச் செல்லும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோய், அவருடைய ஞாபகசக்தியையும் பரிசோதிக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.